கோடரி ஓங்கும் கட்டம்: பெயர் தெரியாத புத்தகமும் அதைப் பிடித்துத் தந்த கடையும்

பெயர் மறந்துபோன புத்தகம் ஒன்று வேண்டுமென்றால் புத்தகக் கடைக்குப் போகாதீர்கள். நல்ல கொமினிகேஷன் ஒன்றுக்குப் போங்கள். கிளிநொச்சியில் நான் போன கடை வெளியிலிருந்து பார்த்தால் மற்றக் கடைகள் மாதிரித்தான்: போட்டோக் கொப்பி மெஷின், ரீலோட் கார்ட், பாஸ்போர்ட் படம், சோதனை விண்ணப்பப் படிவங்கள். ஆனால் அங்கே இருக்கும் தம்பி தன்னுடைய வங்கிக் கார்டில் வெளிநாட்டு இணையக் கடைகளுக்கு ஓடர் போட்டுத் தருவார். போன் கவர், தையல் மெஷின் சாமான், மீன்தொட்டி மோட்டர் என்று ஆட்கள் கேட்பார்கள். நான் கேட்டது ஒரு புத்தகம், அதுவும் பெயர் தெரியாத புத்தகம். அந்தக் கடைக்கும் வந்து சேர்ந்த சித்திரக்கதைப் புத்தகத்துக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

நான் விசுவமடுவில் பெயர்ப்பலகை எழுதுகிறவன். பிளெக்ஸ் வந்த பிறகு தூரிகை பிடிப்பது குறைந்து கணினியில் எழுத்து அடுக்குவது கூடிவிட்டது. யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதை திறந்து தொண்டு நிறுவனங்கள் வன்னிக்குள் வரத் தொடங்கிய காலம், 2003, 2004 இருக்கும், மிதிவெடி அபாயக் கல்விக்குப் படம் வரையும் வேலை கிடைத்தது. அதற்கு நடந்த பயிற்சிப் பட்டறை ஒன்றில் வெளிநாட்டிலிருந்து வந்த பயிற்றுநர் ஏதோ ஓர் ஆங்கிலப் புத்தகத்தின் சில பக்கங்களைப் போட்டோக் கொப்பி அடித்துக் கொண்டுவந்து பாயில் பரப்பினார். கண்ணாடி போட்ட ஓர் ஆள், கட்டம் போட்ட கோட்டோடு, எங்களைப் பார்த்துக் கதைத்துக்கொண்டே இருந்தார். ஒரு படத்தில் ஒருவன் மற்றவனைத் துரத்திக் கோடரி ஓங்குகிறான். பக்கத்துப் படத்தில் ஆட்களே இல்லை. இரவு நேர நகரமும் வானத்தில் ஓர் அலறலும் மட்டும். எனக்கு நினைவிருந்தது இவ்வளவுதான்.

அப்போது நாங்கள் வரைந்துகொண்டிருந்த கதையைச் சொன்னால்தான் அந்தப் பக்கம் ஏன் மனதில் நின்றது என்று விளங்கும். பழைய இரும்பு பொறுக்கும் பெடியன் ஒருவன் பற்றைக்குள் ஏதோ மினுங்குவதைக் கண்டு குனிகிறான். அடுத்த கட்டத்தில் என்ன போடுவது? வெடிப்பையே போடு, சிவப்பும் மஞ்சளும் தாராளமாக வேண்டும் என்றார்கள் சிலர். காலில்லாத பெடியனைப் போடு என்றார்கள் வேறு சிலர். பயிற்றுநர் வாய் திறக்கவில்லை, கோடரிப் பக்கத்தைத் தூக்கிக் காட்டினார். கடைசியில் நான் போட்டது இதுதான். முதல் கட்டத்தில் பெடியனின் கை மட்டும். விரல் நுனிக்கும் அந்தப் பொருளுக்கும் இடையில் ஓர் அங்குலம். அடுத்த கட்டத்தில் கிணற்றடியில் தாய், வாளிக் கயிற்றை விடாமல் தலையை மட்டும் திருப்பியிருக்கிறாள். பள்ளிக்கூடங்களில் காட்டியபோது பிள்ளைகள் கேட்ட முதல் கேள்வி, "அவன் செத்துப்போனானா?" வெடிப்பை வரைந்திருந்தால் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

2009க்குப் பிறகு அந்தப் போட்டோக் கொப்பிகள் என்னிடம் இல்லை. வேறு பலதும் இல்லைத்தான். இப்போது மகள் உயர்தரத்தில் சித்திரம் படிக்கிறாள், பள்ளிக்கூடச் சஞ்சிகைக்குச் சித்திரக்கதை போட வேண்டுமாம். "கட்டம் எப்பிடிப் பிரிக்கிறது அப்பா?" என்று கேட்டபோதுதான் அந்தப் புத்தகத்தைத் தேடும் எண்ணம் வந்தது.

கொழும்பில் பெரிய புத்தகக் கடை ஒன்றுக்குப் போன் எடுத்தேன். பெயரைக் கேட்டார்கள், எழுதியவரைக் கேட்டார்கள், ஐ.எஸ்.பி.என். இலக்கத்தைக் கேட்டார்கள். கோடரியோடு ஒருவன் நிற்கிற படம் என்றேன். லைன் வெட்டுப்பட்டது. பழைய புத்தகம் விற்கிற இன்னொருவர் "எல்லாம் இருக்கு" என்று காசை வாங்கிக்கொண்டு அனுப்பியது, சின்னப் பிள்ளைகள் பூவும் மயிலும் கீறிப் பழகுகிற கொப்பி.

கொமினிகேஷன் தம்பியும் முதலில் தலையைச் சொறிந்தார். "பேரும் தெரியாது, எழுதின ஆளையும் தெரியாது. எப்பிடி அண்ணை தேடுறது?"

"படம் தெரியும் தம்பி."

ஏ4 தாள் ஒன்றை என் பக்கம் தள்ளினார். வரைந்து கொடுத்தேன். போனில் படம் பிடித்து இணையத்தில் போட்டுப் பார்த்தார். பேய்ப்படப் போஸ்டர்களும் விறகு வெட்டும் மெஷின் விளம்பரமும் வந்தன. அப்புறம்தான் அவர் செய்ய வேண்டியதைச் செய்தார்: என்னைக் கேள்வி கேட்டார். எந்த வருசம் பார்த்தீர்கள்? கலரா, கறுப்பு வெள்ளையா? எழுத்துக்கு நடுவில் படமா, முழுக்கவே படமா? கொழும்புக் கடை இலக்கம் கேட்ட இடத்தில் இந்தப் பெடியன் கேட்டது இவற்றை. அவர் வாங்கும் கொமிஷன் இந்தக் கேள்விகளுக்கே செல்லும்.

கொமிக்ஸ் செய்வது எப்படி என்று தேடினால் முதலில் வந்து நிற்பது ஸ்டான் லீயும் ஜோன் புசேமாவும் சேர்ந்து 1978இல் போட்ட 'ஹௌ டு ட்ரோ கொமிக்ஸ் த மார்வல் வே'. குச்சி உருவத்திலிருந்து தசை பிடித்த வீரனை எழுப்புவது, தூரத்தைக் காட்டுவது, ஒரே காட்சியைச் சப்பென்றும் விறுவிறுப்பாகவும் இரண்டு மாதிரி அமைப்பது எல்லாம் அதில் இருக்கிறது. கண்ணாடிக்காரர் இல்லை. அடுத்தது வில் ஐஸ்னர் 1985இல் வெளியிட்ட 'கொமிக்ஸ் அண்ட் சீக்குவென்ஷியல் ஆர்ட்'. விசயம் கிட்ட வந்தது. ஆனால் அது விளக்கத்தை எழுத்தில் எழுதி, தன்னுடைய கதைப் பக்கங்களை உதாரணமாக வைக்கும் புத்தகம். மூன்றாவதாக வந்த அட்டையில் கண்ணாடிக்காரர் நின்றார். 'மேக்கிங் கொமிக்ஸ்', ஸ்கொட் மக்கிளவுட், 2006. "இவர்தான் தம்பி!" என்று நான் சொல்ல, "நீங்கள் பார்த்தது 2003, 2004இல் எண்டு சொன்னீங்கள்" என்று அவர் மறித்தார். அதே ஆள் 1993இல் எழுதிய 'அண்டர்ஸ்டாண்டிங் கொமிக்ஸ்' இருந்தது. அதன் பெயரோடு கோடரி என்ற சொல்லை ஆங்கிலத்தில் சேர்த்து அடித்தவுடன் அந்தப் பக்கமே திரையில் வந்து நின்றது.

சரி, கண்டுபிடித்தாயிற்று. வாங்கியது அவ்வளவு சுகமான கதை இல்லை. இரண்டு கிழமையில் வரும் என்றார், ஒரு மாதம் தாண்டியது. பார்சலை உடைத்தால் உள்ளே 2006ஆம் ஆண்டுப் புத்தகம். விற்றவர் போட்டிருந்த படம் ஒன்று, அனுப்பியது வேறொன்று. இதைத் தம்பி கையாண்ட விதம் நன்றாக இருந்தது. இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து முறைப்பாடு அனுப்பி, பாதிக் காசைத் திருப்பி எடுத்தார். வந்த புத்தகத்தையும் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். இரண்டாவது ஓடருக்குக் கொமிஷன் எடுக்கவில்லை. குறை என்றால் ரசீது கேட்டால்தான் தருவார், சாமான் எங்கே நிற்கிறது என்று நாங்கள் போன் எடுத்தால்தான் சொல்வார். கொமிஷன் நூற்றுக்குப் பத்து. புத்தகம், தபால், கொமிஷன் எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம் ரூபாவை நெருங்கியது. சின்னப் பலகை ஒன்று எழுதினால் எனக்கு அவ்வளவு மிஞ்சாது.

இனிப் புத்தகம்.

200க்கு மேற்பட்ட பக்கங்கள், ஒன்பது அத்தியாயங்கள், எல்லாமே சித்திரக்கதையாக வரையப்பட்டவை. கொமிக்ஸைப் பற்றிச் சொல்ல வருகிற எல்லாவற்றையும் கொமிக்ஸாகவே சொல்கிறார் மக்கிளவுட். நிறத்தைப் பற்றிய எட்டாவது அத்தியாயம் மட்டும் கலர், மற்றதெல்லாம் கறுப்பு வெள்ளை. ஆங்கிலத்துக்குப் பயப்படத் தேவையில்லை. ஓ.எல். (சாதாரண தர) ஆங்கிலம் இருந்தாலே போதும், ஒரு பலூனுக்குள் இரண்டு மூன்று வரிதான், விளங்காததைப் படம் சொல்லிவிடும். என் மகள் அகராதியை எடுத்தது சில இடங்களில்தான்.

கோடரிப் பக்கம் மூன்றாவது அத்தியாயத்தில் இருக்கிறது. பட்டறையில் எனக்கு ஆங்கிலம் போதாது, படத்தை மட்டும் பார்த்தேன். இப்போது வாசித்தால், கோடரியை ஓங்க வைத்தது தான் என்றாலும் அதைக் கீழே இறக்கியது வாசிக்கிற நீங்கள்தான் என்கிறார் மனிதர். எவ்வளவு பலமாக அடி விழுந்தது, அலறியது யார் என்பதெல்லாம் உங்கள் கணக்கு. கட்டங்களுக்கு நடுவிலே வெறுமையாகக் கிடக்கும் வெள்ளை இடைவெளியில்தான் கொலை நடக்கிறது. கிணற்றடித் தாயை வரைந்தபோது எனக்கு இந்த விளக்கம் கிடையாது, கை போன போக்கில் செய்தேன். காரணம் இப்போதுதான் கிடைத்திருக்கிறது.

அதே அத்தியாயத்தில் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குத் தாவுகிற வழிகளை ஆறாகப் பிரிக்கிறார். கண் திறந்திருக்கிறது, மூடியிருக்கிறது என்பது போன்ற ஒரு நொடித் தாவல். ஒரு செயலிலிருந்து அடுத்த செயலுக்கு. ஓர் ஆளிலிருந்து இன்னொரு ஆளுக்கு. ஓர் இடத்திலிருந்து, காலத்திலிருந்து இன்னொன்றுக்கு. நேரமே நகராமல் ஓர் இடத்தின் பல முகங்களைக் காட்டுவது. கடைசியாக, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. அமெரிக்கக் கொமிக்ஸில் செயல் தாவல்தான் பெரும்பகுதி என்றும், ஜப்பானியக் கதைகளில் ஓர் இடத்தைச் சும்மா சுற்றிப் பார்க்கும் வகைக்கும் நல்ல இடம் இருக்கிறது என்றும் வரைபடம் போட்டுக் காட்டுகிறார். எங்கள் கண் பழகியது தமிழ்நாட்டிலிருந்து வந்த முத்து காமிக்ஸில். 1972இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கிய அந்தப் புத்தகங்களில் மாயாவி கரண்டைத் தொடுவார், மறைவார், அடிப்பார். ஒரு கட்டமும் சும்மா நிற்காது. அதனால் ஐந்தாவது வகை எனக்குப் புதிதாக இருந்தது, மகளை ஒரு பக்கம் வரையச் சொன்னேன். பஸ்கள் நின்று கும்பிட்டுப் போகும் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியை எடுத்தாள். பஸ் படியில் ஒரு கால். கச்சான் பைக்குள் நுழையும் கை. சிதறிய தேங்காய்ச் சொட்டை நாயொன்று மோப்பம் பிடிக்கிறது. ஸ்டீயரிங்கில் கையை வைத்தபடி கண்ணை மூடிக் கும்பிடும் டிரைவர். கதை என்று ஒன்றும் இல்லை, ஆனால் முறிகண்டியில் பஸ் நின்றுவிட்டது. பாடம் பிடிபட்டதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இரண்டாவது அத்தியாயத்தில் ஒரு வரிசை முகங்கள் இருக்கின்றன. புகைப்படம் மாதிரியான முகத்தில் தொடங்கிப் படிப்படியாக எளிதாகி, கடைசியில் வட்டமும் இரண்டு புள்ளியும் ஒரு கோடுமாக முடிகிறது. முகம் எளிதாக எளிதாக அதற்குள் பொருந்துகிற ஆட்கள் கூடுவார்கள் என்பது அவருடைய வாதம். இதற்கு நானே சாட்சி சொல்வேன். முதலில் நான் பெடியனைத் தத்ரூபமாக வரைந்திருந்தேன். ஊருக்குள் கொண்டுபோனவுடன் "இது இன்னாற்ர மகனெல்லோ" என்று சிரிக்கத் தொடங்கினார்கள், மிதிவெடியை ஒருவரும் பார்க்கவில்லை. மூக்கை ஒரு கோடாக்கி, கண்ணைப் புள்ளியாக்கிய பிறகுதான் அது எல்லாருடைய மகனும் ஆனது. ஆனால் வெடிபொருளை மட்டும் எளிதாக்க முடியாது. அதைத் துருவும் கீறலும் தெரிய, கண்டவுடன் அடையாளம் பிடிக்கக்கூடியதாக வரைய வேண்டும். எளிய முகத்தையும் நுணுக்கமான பின்னணியையும் சேர்த்து வைப்பதைப் பற்றி மக்கிளவுட் டின்டின் கொமிக்ஸையும் ஜப்பானியர்களையும் வைத்துச் சொல்வதை வாசித்தபோது, நாங்கள் மிதிவெடிக்குச் செய்தது இதைத்தானே என்று தோன்றியது.

எல்லாம் இனிப்பு இல்லை. முதல் அத்தியாயம் இழுக்கிறது. கொமிக்ஸ் என்றால் என்ன என்று வரையறுக்கத் தொடங்கி, எகிப்தியச் சுவர் ஓவியம், நோர்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்ததைத் துணியில் தைத்துக் காட்டும் பேயோ சீலை என்று உலகைச் சுற்றுகிறார். தன் தொழிலுக்கு மரியாதை தேடுகிற அவசரம் தெரிகிறது. 1993இல் அது தேவையாக இருந்திருக்கும். அதோடு, படங்கள் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வரிசையில் இருந்தால்தான் கொமிக்ஸ் என்று சொல்லி, ஒற்றைக் கட்டப் படங்களை வெளியே நிறுத்திவிடுகிறார். இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. 'சிரித்திரன்' நகைச்சுவைச் சஞ்சிகை பார்த்து வளர்ந்தவன் நான். அதை நடத்திய கார்ட்டூன்காரர் சுந்தரின் ஒற்றைப் படம் ஒன்றில் முன்னுக்கு நடந்ததும் பின்னுக்கு நடக்கப் போவதும் சேர்ந்தே இருக்கும். அந்த வெள்ளை இடைவெளி சில நேரம் படத்துக்கு வெளியேயும் கிடக்கும் என்று மக்கிளவுட்டுக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

இன்னொரு குறை எங்களுக்கு மட்டுமானது. எழுத்தும் படமும் சேர்கிற வகைகளை ஆறாவது அத்தியாயத்தில் நன்றாகப் பிரித்திருக்கிறார், ஆனால் ஆங்கில எழுத்தை மனதில் வைத்து. தமிழ் எழுத்துக்குக் கொம்பும் விசிறியும் காலும் இருக்கிறது, மேலும் கீழும் இடம் கேட்கும், சொற்களும் நீளம். ஆங்கிலப் பலூன் அளவுக்குத் தமிழை அடைத்தால் எழுத்து எறும்பாகிவிடும். மொழிபெயர்த்து வந்த கொமிக்ஸ்களில் சிறுவயதிலிருந்தே அதைப் பார்த்துக் கண் சுருக்கியவன் நான். தமிழில் வரைகிறவர்கள் முதலில் எழுத்தை எழுதி, அதற்குப் பிறகு தலையை எங்கே வைப்பது என்று பார்க்க வேண்டும். இது பலகை எழுதுகிறவனின் புத்திமதி, புத்தகத்தில் இல்லை.

வாசித்து முடித்த கையோடு பெஞ்சமின் டிக்ஸ் எழுத லின்ட்சே பொலொக் வரைந்து 2019இல் வந்த 'வன்னி'யையும் திரும்பப் பார்த்தேன். எங்கள் இடத்தின் பெயரோடு, போரைப் பற்றி வந்த பெரிய சித்திரக்கதை. கதையை எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. இந்த முறை எந்த இடத்தில் கட்டம் முடிகிறது, எதைக் காட்டாமல் விட்டிருக்கிறார்கள் என்பதை மட்டும் பார்த்தேன். அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் இது வேறு எழுத்தாகிவிடும்.

தவறி வந்த 2006ஆம் ஆண்டுப் புத்தகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நேரே வேலைக்கு உதவுவது அதுதான். எந்த நொடியை எடுப்பது, எந்தக் கோணத்தில் சட்டம் போடுவது, என்ன படம், என்ன சொல், வாசகரின் கண்ணை எந்தப் பக்கம் நடத்துவது என்று ஐந்து தெரிவுகளாகத் தொழிலைப் பிரித்துத் தருகிறார். முகபாவத்துக்கு ஆறு அடிப்படை உணர்ச்சிகளை எடுத்து, இரண்டு இரண்டாகக் கலந்தால் என்ன முகம் வரும் என்று காட்டுகிற பக்கங்களை மகள் கண்ணாடிக்கு முன்னால் வைத்துக்கொண்டு செய்துபார்க்கிறாள். பயிற்சிகளும் உண்டு. முதல் புத்தகம் யோசிக்க, இது வரைய. உயர்தரச் சித்திர மாணவர் ஒருவருக்கு ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 2006ஐ வாங்கிக் கொடுங்கள். சித்திரம் படிப்பிக்கிறவர்கள், அறிவுறுத்தல் படங்கள் செய்கிறவர்கள், சுகாதாரப் பகுதியில் டெங்குப் போஸ்டர் அடிக்கிறவர்கள் 1993ஐ எடுக்கட்டும். இரண்டுமே தசை, எலும்பு, நிழல் என்று வரையப் பழக்கும் புத்தகங்கள் இல்லை. அதற்கு மார்வல் புத்தகம் மாதிரி வேறொன்றுக்குத்தான் போக வேண்டும்.

என்னுடைய பலகைக் கடையில் வந்து பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம், மேசையில் இருக்கிறது. இரவல் தரமாட்டேன். பக்கங்களைப் போட்டோக் கொப்பி அடிக்கவும் விடமாட்டேன், முதுகு பிய்ந்துவிடும்.

கொமினிகேஷன் தம்பியிடம் அடுத்ததாக ஐஸ்னரின் புத்தகத்தைச் சொல்லியிருக்கிறேன். இந்த முறை பெயர், ஆள், வருசம் எல்லாம் தெரிந்து கேட்பதால் கொமிஷனை நூற்றுக்கு ஐந்தாக்கச் சொன்னேன். "அண்ணை, போன முறை தேடினதுக்கு நான் காசே எடுக்கேல்லை" என்கிறார். பேச்சு இன்னும் முடியவில்லை.